மூச்சுப் படிந்த கண்ணாடி

ஐந்து நாற்பதுக்கு அலாரம் அடித்தது. நிருஜன் எழுந்து கட்டிலில் தன் பக்கத்தை மட்டும் சரிசெய்தான். மற்றப் பக்கம் குலைவதில்லை. பல் துலக்கினான். கோப்பி மெஷினில் ஒரு கோப்பைக்கான பொத்தானை அமத்தினான். இரண்டு துண்டுப் பாணில் வெண்ணெய் பூசி, ஒன்றை நின்றபடியே தின்று, மற்றதைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தான். குப்பைக்காரர் வரும் நாள் என்பதால் மஞ்சள் பையைக் கட்டிக் கீழே கொண்டுபோய் வாசலில் வைத்தான்.

மார்ச் மாதம். ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் அந்த நேரத்துக்கு இன்னும் சரியாக விடிந்திருக்கவில்லை. சரிவான தெருவின் இரு பக்கமும் நின்ற கார்கள் எல்லாவற்றிலும் வெண்பனி பிடித்திருந்தது. அவன் சுரண்டியை எடுத்துத் தன் காரின் முன்கண்ணாடியைச் சுரண்டினான். சாரதி பக்கத்தைச் சுரண்டினான். பிறகு மற்றப் பக்கம் போனான்.

அங்கே சுரண்ட ஒன்றும் இருக்கவில்லை. கண்ணாடியின் வெளிப்பக்கம் துடைத்து விட்டதுபோல் இருந்தது. ஈரம் உள்ளே இருந்தது. சோறு கொதிக்கும்போது குசினி யன்னலில் படிவது போன்ற ஈரம், நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும், அந்த இருக்கையில் ஒருவர் அமர்ந்தால் வாய் எந்த உயரத்தில் வருமோ சரியாக அந்த உயரத்தில் படிந்திருந்தது.

அவன் கதவைத் திறந்து கோட்டுக் கையால் அதைத் துடைத்தான். ஹீட்டரில் எங்கோ கசிவு என்று நினைத்துக்கொண்டான். நகரத்தின் கழிவுநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் எஞ்சினியர் அவன். ஈரம் என்றால் அதற்கு ஒரு வழி இருக்கும், வழியைக் கண்டுபிடித்தால் அடைக்கலாம். அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை.

அந்த இருக்கையில்தான் போன ஒக்ரோபரில் அவன் மனைவி கம்சனா இறந்தாள். முப்பத்தொரு வயது. காலில் உறைந்த இரத்தம் கட்டியாகி நுரையீரலுக்கு ஏறி அடைத்துவிட்டதாக டொக்டர்மார் சொன்னார்கள். காரை விற்கச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். அவன் விற்கவில்லை. வாங்குகிறவன் தன் மனைவியை அங்கேதான் இருத்துவான் என்ற நினைப்பு அவனை விடவில்லை. உயிர் போகும்போது அவள் உடம்பிலிருந்து வடிந்து இருக்கைத் துணியில் ஊறியதை அவன் யாரிடமும் கொடுக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாளியும் சவர்க்காரமுமாகத் தானே கழுவினான். அதை நினைக்கும்போது இப்போதும் அவன் காது மடல்கள் சூடாகும்.

ஆனால் அவன் வெட்கம் அதிலில்லை. அது ஒரு சிறு புத்தகத்தில் அச்சாகி இருந்தது.

அன்று ஆஸ்பத்திரி நடையில், டோர்ட்மண்டிலிருந்து ஓடிவந்த மாமியின், கம்சனாவின் அம்மாவின், கால்களில் இரண்டு வேறு வேறு செருப்புகள் இருந்தன. அவர் அழவில்லை. அவன் இரண்டு கைகளையும் பிடித்து, பிள்ளை கடைசியாக என்ன சொன்னது என்று மட்டும் கேட்டார். நிருஜன் அந்தச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டே வாயில் வந்ததைச் சொன்னான். மீன் பிடிக்கப் போன குளத்தைப் பார்த்துக்கொண்டு தன் பக்கத்தில் இருந்தாள் என்றான். எவ்வளவு அமைதியாகக் கிடக்குது என்று சொன்னாள், பிறகு தோளில் சாய்ந்தாள், நித்திரை என்று நினைத்தேன் என்றான். பிறகுதான் காருக்குத் தூக்கிக்கொண்டு போனேன் என்றும் சேர்த்துச் சொன்னான்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் வந்தவர்கள் எல்லோருக்கும், இறந்தவரின் நினைவாகப் பாட்டோடு அச்சிடும் கல்வெட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். அட்டையில் கம்சனாவின் படம், பின்னால் விடிகாலைக் குளம், கீழே வெள்ளை எழுத்தில் 'எவ்வளவு அமைதி' என்று அச்சிட்டிருந்தது. கல்வெட்டுப் பாடியவர் அதை வைத்தே ஒரு வெண்பா செய்திருந்தார். ஆம்பிளைகள் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்து, கொடுத்துவைத்த சாவு என்றார்கள். பெண்கள் அவனைப் பார்த்துக் கண் துடைத்தார்கள். அவன் அவ்வளவையும் வாங்கிக்கொண்டு நின்றான்.

பொய் அத்தோடு நிற்கவில்லை. பிள்ளைக்கு அமைதி கிடைத்த இடம் அது, மாதம் ஒருக்கால் அங்கே பூப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கோ என்று மாமி கேட்டார். மாட்டேன் என்று சொல்ல அவனிடம் காரணம் இருக்கவில்லை.

குளம் டோர்ட்மண்டுக்கு வடக்கே இருந்தது. அடியில் நிலக்கரி தோண்டித் தோண்டி நிலம் அமிழ்ந்து, அமிழ்ந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கி உருவானது. நடுவில் செத்த மரங்கள் பட்டை உரிந்து நின்றன. பழைய தார்த்தெரு ஒன்று கரையிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போனது. மீன்பிடிக் கழகத்தில் சேர்ந்த காலத்திலிருந்து அவன் இடம் அந்தத் தெருவின் முடிவுதான். காரை இருபது அடி பின்னால் தாரிலேயே விட்டுவிட்டு, தண்ணீரின் விளிம்பில் கதிரையைப் போட்டு இருக்கலாம். தூண்டில் போடுகிறவன் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். கார் எப்போதும் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கும்.

குளிர்காலம் முழுக்க அவன் பூ மட்டும் போட்டான். ஏப்ரலில் ஒரு விடிகாலை புவனேந்திரன் அண்ணை வந்தார். கழகத்தில் நிருஜனைச் சேர்த்துவிட்டவர் அவர். முப்பது வருடங்களாக ஜேர்மன் ஓய்வூதியக்காரர்களோடு அந்தக் கரையில் இருந்து, இப்போது குளத்துக்கே காவலராகிவிட்டவர். புழு டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன தம்பி, சும்மா குந்திக்கொண்டிருக்கிறீர். தடியைப் போடும். மீன் பூவைத் தின்னாது."

மிதப்புக் கட்டிய தன் தூண்டில் தடி ஒன்றையே அவனிடம் தந்தார். நிருஜன் போட்டான். சிவந்த கண்ணுள்ள சின்ன மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, பிறகு பிறாசன் என்று இங்கே சொல்லும் தட்டை மீன் ஒன்று சளி வழிய வந்தது. இதைச் சமைத்தால் முள்ளுக்குள்ளே மீனைத் தேடவேண்டும் என்று அண்ணை சிரித்தார். நாணல் வேரின் அழுகல் மணமும் ஈரத் தாரின் மணமும் கலந்து வந்தன, தாராக்கள் எங்கோ சண்டை பிடித்தன, மிதப்பின் சிவப்பு முனை மட்டும் சாம்பல் தண்ணீரில் நின்று நடுங்கியது. மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக அவன் தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை. அதற்காகவும் வெட்கப்பட்டான்.

அண்ணை தன் காருக்குப் போய் தேத்தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஏன் அந்தப் பிள்ளையைக் குளிருக்கை பூட்டி வைச்சிருக்கிறீர்?"

"எந்தப் பிள்ளை அண்ணை?"

"சுஜீவாதானே? கண்ணாடி முழுக்க மூச்சாக் கிடக்கு, முகம் வடிவாத் தெரியேல்லை. கையைக் காட்டினனான். அவ என்னைப் பாக்கேல்லை. உம்மைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறா."

சுஜீவா கம்சனாவின் தங்கை. அந்த நேரத்தில் அவள் டோர்ட்மண்டில் தாதிப் பயிற்சியில், காலை ட்யூட்டியில் இருப்பாள். நிருஜனின் கை தடியில் அப்படியே நின்றது. மிதப்பு ஒருமுறை அமிழ்ந்து எழுந்தது.

"ஓம் அண்ணை. அவவுக்குத் தலையிடி. கொஞ்சம் இருக்கட்டும்."

யோசிக்காமலே வந்தது. ஆஸ்பத்திரி நடையில் வந்தது போலவே வந்தது. அண்ணை தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணியை ஊற்றினார். அவர் போகும்வரை நிருஜன் திரும்பிப் பார்க்கவில்லை. போன பிறகு பார்த்தான். காரில் யாரும் இல்லை. வலப்பக்கக் கண்ணாடி மட்டும் வெண்மையாக இருந்தது.

ஜூலையில் முப்பத்துநாலு பாகை வெயில் அடித்தது. குளம் ஒரு முழம் வற்றி, தண்ணீருக்குள் போன தெருவின் வெள்ளைக் கோடு இன்னும் கொஞ்சத் தூரம் வெளியே தெரிந்தது. புற்கள் கருகின. கெண்டைகள் மேலே வந்து முதுகு காட்டிக்கொண்டு படுத்திருந்தன. இரையைப் பார்க்கவில்லை. அந்த வெயிலிலும் கண்ணாடியில் ஈரம் இருந்தது. கதவைத் திறந்தபோது உள்ளிருந்து வந்த காற்று வெயிலில் நின்ற காரின் காற்றாக இருக்கவில்லை. சனம் நிறைந்த அறையில் யன்னல் திறக்காமல் விட்ட காற்றாக இருந்தது, அதற்குள் நோவுக்குப் பூசும் தைலத்தின் மணம் மெல்லிய கோடாக ஓடியது. இருக்கையைத் தொட்டான். துணி இளஞ்சூடாக, இப்போதுதான் யாரோ எழுந்துபோனது போல நடுவில் குழிந்திருந்தது.

அன்று புவனேந்திரன் அண்ணை வந்து பக்கத்தில் குந்தினார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உம்மடை போன வருஷ அட்டை என்னட்டைத்தான் கிடக்கு. மேல கழகத்துக்குக் குடுக்கேல்லை. மழையிலை நனைஞ்சு போச்சு எண்டு சொல்லிப்போட்டன்."

நிருஜன் தூண்டில் நூல் சுற்றும் றீலை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"எனக்கு ஒண்டும் தெரியாது தம்பி," என்றார் அண்ணை. "நான் கேக்கவும் இல்லை."

கழகத்தில் எல்லோரிடமும் ஒரு அட்டை இருக்கும். மீனைப் பிடித்தால் இடத்தை விட்டு எழும்ப முன்னமே அதில் எழுதவேண்டும், திகதி, மணி, இனம், நிறை. ஜேர்மன்காரர் அதில் கண்டிப்பு. நிருஜன் இன்னும் கண்டிப்பு. போன ஒக்ரோபர் பன்னிரண்டாம் திகதிக்கு நேரே அவன் கையெழுத்தில், குளிரில் விறைத்த விரல்களால் எழுதியும் ஒழுங்கான கையெழுத்தில், ஒரு கெண்டை இருந்தது. பதின்மூன்றரைக் கிலோ. ஏழு ஐம்பது. அம்புலன்ஸுக்கு அவன் அடித்தது எட்டு நாலுக்கு. தோளில் மனைவி சாய்ந்து கண் மூடினால் யாரும் மீனை நிறுத்துப் பார்க்கமாட்டார்கள்.

செப்ரெம்பர் கடைசியில் சுஜீவா அவன் வீட்டுக்கு வந்தாள். ஆண்டுத் திவசத்துக்குக் கல்வெட்டை மறுபடி அடிப்பதாக மாமி சொல்லியிருந்தார், புத்தக அட்டையைக் காட்டக் கொண்டுவந்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். தேத்தண்ணியைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் மண்டபம், சாப்பாடு என்று கதைத்துவிட்டு, அவுஸ்பில்டுங்கை, அந்தத் தாதிப் பயிற்சியை, விடப் போவதாகச் சொன்னாள். கடிதம் எழுதியாகிவிட்டது, திவசம் முடிந்த திங்கட்கிழமை கொடுக்கப் போகிறாள்.

ஏன் என்று கேட்டான்.

"அக்கா சாகிறதுக்கு ரெண்டு நாள் முந்தி எனக்குப் போன் எடுத்தவ அத்தான். கெண்டைக்கால் நோகுது, சூடாக் கிடக்குது எண்டு சொன்னவ. நான் தைலம் பூசச் சொன்னனான்." அவள் தன் கைகளைப் பார்த்தாள். "ரெண்டு வருஷம் படிச்சுப்போட்டு, தைலம் பூசச் சொன்னனான். இனி ஆரையும் தொட எனக்கு ஏலாது."

"நீர் என்ன செய்திருப்பீர்."

"காலையிலை மூச்சு வாங்கினதோ? கொஞ்சமெண்டாலும் சொன்னவவோ? யோசிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ அத்தான். சொல்லாமலே போயிருந்தா அப்ப பிழை என்னிலைதான். எனக்கு மட்டும்தானே சொன்னவ."

அவளை விடுவிக்க ஒரு வசனம் போதும். அவன் வாயைத் திறந்தான். இல்லை, ஒன்றும் சொல்லவில்லை, அமைதியாகத்தான் இருந்தவ என்றான். சுஜீவா தலையை ஆட்டினாள். மெதுவாக, பல தடவை ஆட்டினாள்.

ஸ்ரேஷனுக்கு அவளைக் காரில் கொண்டுபோனான். அவள் முன்கதவைத் திறந்தாள். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு அதைப் பூட்டிவிட்டுப் பின்னால் ஏறினாள். இறங்கும்போது, உங்கடை காரிலை அக்காவின்ரை மணம் இன்னும் போகேல்லை என்றாள்.

திவச நாள் விடிகாலை ஆறரைக்கு அவன் குளத்துக்கு வந்தான். பத்து மணிக்கு மாமியும் சுஜீவாவும் படையலோடு வருவார்கள், அதற்கு முன்னே சூரியன் எழும் நேரத்தில் ஒரு விளக்கு ஏற்றவேண்டும் என்பது மாமியின் விருப்பம். காரை விட்டுவிட்டு ரயிலில் வந்திருக்கலாம். தெருவில் அது தனியாக நிற்பதை நினைத்தபோது இன்னும் மோசமாக இருந்தது.

பனிப்புகார் மூடியிருந்தது. செத்த மரங்கள் தெரியவில்லை. அக்கரை தெரியவில்லை. தார்த்தெரு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பது காலில் ஈரம் பட்ட பிறகே தெரிந்தது. இலைகள் எங்கோ ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் விழும் சத்தம், நாணலுக்குள் ஏதோ நடந்து நின்று நடக்கும் சத்தம், நெடுஞ்சாலையின் தூர இரைச்சல், அழுகிய இலையின் இனிப்பு மணம், எல்லாம் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தன. விளக்கைக் கல்லின்மேல் வைத்து ஏற்றினான். கைக்கு வேலை இல்லாமல் அங்கே இருக்க ஏலாது என்பதால் தடியையும் போட்டான். சோளம் கோத்த கொக்கி புகாருக்குள் போய் விழுந்தது. தூண்டில் நூலான தங்கூசியை இறுக்கி, இழுபட்டால் கீச்சிடும் சின்னக் கருவியின்மேல் தடியை வைத்தான். கதிரையில் இருந்தான். கார் பின்னால் நின்றது.

போனை எடுத்தான். பத்து மணிக்கு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று தெரிந்தது. குரலில் அனுப்பினால் முடியும். பொத்தானை அமத்திப் பிடித்தான்.

"சுஜி. உம்மிலை பிழை இல்லை. அக்கா எனக்கும் சொன்னவ."

பிறகு நிறுத்தாமல் சொன்னான். அன்று இருவரும் இங்கே வந்தார்கள். ஏழு பத்துக்குப் பெரிய கெண்டை ஒன்று இழுத்தது. தடி வில்லாக வளைந்து றீல் கத்தியது. அதே நேரம் கம்சனா கதிரையிலிருந்து எழும்பி, தனக்கு மூச்சு எடுக்க ஏலாமக் கிடக்குது, போவம் என்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. பத்து நிமிஷம் என்றான். அவள் காருக்கு நடந்து போனாள். பத்து நிமிஷம் நாற்பதானது. நடுவில் கார் ஹோர்ன் அடித்தது, ஒரே ஒரு தடவை, நீளமாக. அவசரப்படுத்துகிறாள் என்று நினைத்தான். திரும்பாமலே இடது கையை உயர்த்திக் காட்டினான். பொறு என்று. மீனை எடுத்தான். நிறுத்தான். படம் எடுத்தான். தண்ணீரில் விட்டான். அட்டையில் எழுதினான். பிறகு போய்ப் பார்த்தான்.

"தோளிலை சாயேல்லை. அமைதி எண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லை. அது நான் சொன்னது. கடிதத்தைக் குடுக்காதையும்."

விரலை எடுத்தான். குரல் போய்ச் சேர்ந்தது. இரண்டு நிமிடம் கழித்து அதன் பக்கத்தில் நீலக் குறி விழுந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். விளக்கின் சுடர் காற்றில்லாமலே ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

பதில் வந்தது. எழுத்தில், ஒரு வரி.

'அப்ப அக்கா கடைசியா என்ன சொன்னவ? உண்மையாச் சொல்லுங்கோ.'

அவன் எழுதத் தொடங்கினான். முதல் எழுத்தைத் தொட்டான்.

பின்னால் ஹோர்ன் அடித்தது.

ஒரே ஒரு தடவை. நீளமாக.

அதே கணத்தில் தடியின் கருவி கீச்சிட்டது. தங்கூசி விறைத்துத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வலப்பக்கம் ஓடியது. றீல் கத்தியது. அவன் உடம்பு பழக்கத்தில் தடியை நோக்கிக் குனிந்தது. கை நீண்டது.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். எழும்பினான். கதிரை விழுந்தது. தடியை விட்டான்.

திரும்பினான்.

காரின் கண்ணாடிகள் எல்லாம் வெள்ளை. முன்கண்ணாடி, பக்கங்கள், பின்பக்கம். உள்ளே பால் ஊற்றி நிரப்பியது போல.

இருபது அடி. நடந்தான். தார் காலின் கீழ் மெத்தென்று இருந்தது. றீலின் சத்தம் பின்னால் தூரமாகியது. சாரதிக் கதவின் பிடி சூடாக இருந்தது. திறந்தான். ஈரக் காற்று முகத்தில் அடித்தது. தைலம். உள்ளே ஏறி இருந்தான். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

அவன் வலப்பக்கம் பார்க்கவில்லை.

வலப்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. மூச்சு. சின்னதாக. மேல் நெஞ்சில் மட்டும். எடுத்து, முடிக்காமல், மறுபடி எடுத்து. கரையில் போட்ட மீனின் வாய் போல.

"கம்சி," என்றான். "நான் வந்திட்டன்."

மூச்சு மாறவில்லை. அவன் குரலைக் கேட்டதாக இல்லை.

கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. யன்னல் பொத்தானை அமத்தினான். இறங்கவில்லை. ஒரு கையில் போன், மற்றக் கையின் உள்ளங்கையால் முன்கண்ணாடியைத் துடைத்தான். ஈரம் மணிக்கட்டு வழியாகக் கைக்குள் ஓடியது. ஒரு முகமளவு இடம் தெளிந்தது.

தெருவின் முடிவு தெரிந்தது. புகார் அங்கே மட்டும் விலகியிருந்தது. கதிரை நிமிர்ந்து நின்றது. அதன் முன்னால் ஒருவன் நின்றான். முதுகு இந்தப் பக்கம். நிருஜனுடைய அதே பச்சைக் கோட்டு. பிடரியின் மயிர்ச்சுழி. தடி அவன் கைகளில் வில்லாக வளைந்திருந்தது.

நிருஜன் கண்ணாடியில் அடித்தான். கத்தினான். குரல் காருக்குள்ளேயே நின்றது.

பக்கத்து மூச்சு நீளமாகி இடைவெளி விட்டது. மறுபடி ஒன்று. நீண்ட இடைவெளி.

ஹோர்னை அமத்தினான். முழு உடம்பையும் போட்டு அமத்தினான்.

கரையில் நின்றவன் திரும்பவில்லை. தடியை வலக்கைக்கு மாற்றினான். இடது கையை உயர்த்திக் காட்டினான். பொறு.

போனின் வெளிச்சம் நிருஜன் மடியில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சுஜீவாவின் கேள்வி அப்படியே நின்றது. தெளிந்த இடத்தில் மறுபடி மூச்சுப் படிந்து கரையையும் மனிதனையும் மறைத்தது. பக்கத்தில் இப்போது சத்தம் இல்லை. நனைந்த விரலால், ஒவ்வொரு எழுத்தாக, அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னதை அவன் எழுதினான்.

'ஓம், பரவாயில்லையப்பா. நீங்கள் மீனை எடுத்துப்போட்டு வாங்கோ. நான் காருக்கை இருக்கிறன்.'